சிறுநீரகத்துக்கு வயதாகும் கதை

தலைமுடி நரைத்தால் கண்ணாடியில் தெரிந்துவிடும். மூட்டு தேய்ந்தால் மாடிப்படி ஏறும்போது தெரிந்துவிடும். பார்வை மங்கினால் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததுமே தெரிந்துவிடும். ஆனால் சிறுநீரகத்துக்கு வயதாவது மட்டும் வெளியே தெரிவதில்லை. அது வலிக்காது. பாதி வேலைத்திறன் போன பிறகும்கூட மனிதர் வழக்கம் போல வேலைக்குப் போய் வந்து கொண்டிருப்பார்!

அப்படியானால் சிறுநீரகத்துக்கும் வயதாகிறது என்பது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது? அதன் வேகத்தைக் குறைக்க முடியும் என்று எப்போது தெரிந்தது? இதற்குப் பின்னால் ஏறக்குறைய 200 ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. ஒரு முதியவரின் சிறுநீரகம் சுருங்கியிருந்தால், அதற்குக் காரணம் வயதா, நோயா? வயது என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. நோய் என்றால் தடுக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவ உலகம் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

சில அடிப்படை விவரங்கள்

கதைக்குள் போவதற்கு முன் சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு சிறுநீரகமும் மூடிய கையளவு இருக்கும். எடை சுமார் 150 கிராம். அதற்குள் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பகுதியிலும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் நூல்பந்து போலச் சுருண்டு கிடக்கின்றன. இதற்கு கிளாமருலஸ் என்று பெயர். இதுதான் வடிகட்டி.

இந்த வடிகட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடைசியில் ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியேறுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே, பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பாகவே, புதிய நெஃப்ரான்கள் உருவாவது நின்றுவிடுகிறது. அதன் பிறகு ஆயுள் முழுவதும் ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. பிறக்கும்போது கையில் இருப்பதுதான் மொத்த இருப்பு. அதை வைத்துத்தான் கடைசி வரை காலம் தள்ள வேண்டும்.

கரண்டியில் ஒரு பரிசோதனை

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரின் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் பணியாற்றி வந்தார். கை கால் முகமெல்லாம் வீங்கி வரும் நோயாளிகள் அந்தக் காலத்தில் ஏராளம். வீக்கம்தான் நோய் என்று பலரும் நினைத்துக் கொண்டிருந்தார்கள்.

பிரைட் அந்த நோயாளிகளின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். ஒரு கரண்டியில் கொஞ்சம் சிறுநீரை எடுத்து மெழுகுவர்த்தியின் மேல் பிடித்தால், சிலருடைய சிறுநீர் முட்டையின் வெள்ளைக்கரு போல வெண்மையாகத் திரிந்தது. அதில் இருந்தது அல்புமின் என்ற புரதம். இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் வடிகட்டியின் ஓட்டை வழியே வெளியே வந்து கொண்டிருந்தது. அந்த நோயாளிகள் இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தபோது, பலருடைய சிறுநீரகங்கள் சுருங்கி, இறுகி, மேற்பரப்பு சொரசொரப்பாகி இருந்தன.

வீக்கம், புரதம், சுருங்கிய சிறுநீரகம். இந்த மூன்றையும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று 1827-ல் அவர் வெளியிட்ட நூல் சொன்னது. அடுத்த நூறு ஆண்டுகளுக்குச் சிறுநீரக நோய்க்கே 'பிரைட் நோய்' என்றுதான் பெயர். ஆனால் ஒரு குழப்பம் மிச்சமிருந்தது. எந்த நோயும் இல்லாமல் வயதாகி இறந்தவர்களிலும் பலருக்குச் சிறுநீரகம் ஓரளவு சுருங்கித்தான் இருந்தது. அது எதனால்?

அழுத்தத்தை அளந்த இளைஞர்

அதே கைஸ் மருத்துவமனையில், 1870-களில், ஃபிரெடரிக் அக்பர் முகமது என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். பெயரைப் பார்த்ததும் ஆச்சரியமாக இருக்கிறதா? இவருடைய தாத்தா பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது. 1810-ல் லண்டனில் முதல் இந்திய உணவகத்தைத் திறந்தவர் அவர்தான்!

பேரன் முகமது, நாடித் துடிப்பைத் தாளில் கோடுகளாக வரைந்து காட்டும் கருவியை மேம்படுத்தி நோயாளிகளிடம் பயன்படுத்தினார். இன்றைக்கு இருப்பது போன்ற இரத்த அழுத்தக் கருவி அப்போது கிடையாது. கையில் பட்டை சுற்றி அளக்கும் முறையை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896-ல்தான் கொண்டு வந்தார். இருந்தாலும் முகமது தன் கோடுகளை வைத்தே ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுகொண்டார். சிறுநீரில் புரதமே இல்லாத, பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்த பலருக்கும் இரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது. அதாவது சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே அழுத்தம் ஏறிவிடலாம். கெட்ட சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றுகிறது என்று மட்டும் நினைத்திருந்த காலத்தில் இது பெரிய திருப்பம்.

வருத்தமான செய்தி என்னவென்றால், முகமது 1884-ல் டைபாய்டு காய்ச்சலால் இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 35-தான். அவர் சொன்னது பல ஆண்டுகள் பெரிதாகக் கண்டுகொள்ளப்படவில்லை.

அதற்குப் பிறகும் நெடுங்காலம், வயதானவர்களுக்கு அழுத்தம் ஏறுவது இயற்கை என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள். இறுகிப்போன குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ள அந்த அழுத்தம் அவசியம் என்று வாதிட்டார்கள். 1945-ல் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் பல ஆண்டுகளாகவே உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அதிபருக்கே கொடுக்க நல்ல மருந்து கிடையாது! அழுத்தத்தை மருந்தால் குறைத்தால் பக்கவாதமும் பிற பாதிப்புகளும் குறையும் என்பதை, எட்வர்ட் ஃபிரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 1967-ல்தான் நிரூபித்தது.

எழுபது ஆண்கள், ஒரு நேர்கோடு

சிறுநீரகத்தின் வேலையை உயிரோடு இருக்கும் மனிதரிடமே அளப்பது எப்படி? இதற்கு 1930-களில் விடை கிடைத்தது. இனுலின் என்பது சில செடிகளின் கிழங்கில் உள்ள ஒரு மாவுப்பொருள். (இன்சுலின் வேறு, இது வேறு.) இதை இரத்தத்தில் செலுத்தினால் வடிகட்டி வழியே அப்படியே வெளியேறிவிடும். உடல் அதைத் திரும்ப உறிஞ்சுவதும் இல்லை, கூடுதலாகச் சேர்ப்பதும் இல்லை. ஆகவே எவ்வளவு இனுலின் எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்று பார்த்தால், சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். நியூயார்க்கின் ஹோமர் ஸ்மித் இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர்.

இந்த முறையைக் கையில் எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதுமையை ஆராய்ந்து வந்த நேதன் ஷாக் களத்தில் இறங்கினார். அவரும் டேவிஸ் என்பவரும் சேர்ந்து, இருபதுகளிலிருந்து எண்பதுகள் வரை பல வயதுகளில் இருந்த 70 ஆண்களை அளந்தார்கள். 1950-ல் முடிவு வெளிவந்தது. இளைஞர்களிடம் நிமிடத்துக்குச் சராசரியாக 123 மில்லிலிட்டர் இருந்த வடிகட்டும் வேகம், மிக முதியவர்களிடம் 65-ஆகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய பாதி!

இந்த வரைபடம் மருத்துவப் பாடநூல்களில் இடம்பிடித்தது. வயது ஏற ஏறச் சரிந்துகொண்டே போகும் கோடு. 'சிறுநீரகம் வயதானால் தேயும், அது இயற்கையின் விதி' என்பது அதன்பின் கேள்வி கேட்கப்படாத பாடமாகிவிட்டது.

சராசரிக்குள் மறைந்திருந்தவர்கள்

அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. அளக்கப்பட்ட 20 வயதுக்காரரும் 80 வயதுக்காரரும் வெவ்வேறு ஆட்கள். அந்த முதியவர் தன் இளமையில் எப்படி இருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஒரே நாளில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ஐம்பது ஆண்டு வாழ்க்கையைச் சொல்வது போலத்தான் இது.

இந்தக் குறையைச் சரிசெய்யும் முயற்சியும் பால்டிமோரிலேயே நடந்தது. 1958-ல் அங்கே ஒரு நீண்ட ஆய்வு தொடங்கியது. தன்னார்வலர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து பரிசோதித்துக் கொள்வார்கள். ஒரே மனிதருக்கு வயதாவதைக் கூடவே இருந்து பார்க்கும் ஏற்பாடு. (முதல் 20 ஆண்டுகள் ஆண்களை மட்டுமே சேர்த்தார்கள். பெண்கள் 1978-ல்தான் சேர்க்கப்பட்டார்கள்.)

1985-ல் லிண்டமன், டோபின், ஷாக் ஆகியோர் வெளியிட்ட முடிவு பலரையும் திகைக்க வைத்தது. நோய் எதுவும் இல்லாத 254 பேரில் வடிகட்டும் வேகம் ஆண்டுக்குச் சராசரியாக 0.75 மில்லிலிட்டர் குறைந்தது. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களைத் தனித்தனியே பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கினருக்கு வேகம் குறையவே இல்லை! பாடநூலில் இருந்த நேர்கோடு வெறும் சராசரி. அந்தச் சராசரிக்குள் வேகமாகச் சரிந்தவர்களும் இருந்தார்கள், சரியாதவர்களும் இருந்தார்கள்.

வேகமாகச் சரிந்தவர்கள் யார்? அதே குழுவினர் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் ஒரு குறிப்பு இருக்கிறது. இரத்த அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்குச் சரிவும் வேகமாக இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் முகமது வரைந்த கோடுகள் காட்டிய அதே அழுத்தம்!

மிச்சமிருப்பவை சுமக்கும் பாரம்

அழுத்தம் எப்படி வடிகட்டியைக் கெடுக்கிறது? 1982-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பேரி பிரென்னரும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள்.

பத்துப் பேர் சேர்ந்து தூக்கும் பல்லக்கில் நான்கு பேர் விலகிக் கொண்டால் என்ன ஆகும்? மீதி ஆறு பேர் பல்லக்கைக் கீழே போட்டுவிட மாட்டார்கள். கூடுதல் பாரத்தைச் சுமப்பார்கள். கொஞ்ச தூரத்தில் அவர்களில் ஒருவர் களைத்து விழுவார். பாரம் இன்னும் கூடும். அடுத்தவர் இன்னும் சீக்கிரமாக விழுவார். நெஃப்ரான்களிலும் இதுதான் நடக்கிறது என்றார்கள். எலிகளின் சிறுநீரகத்தில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தபோது, மிஞ்சிய ஒவ்வொரு வடிகட்டிக்குள்ளும் அழுத்தம் ஏறியது. அந்த அழுத்தமே அவற்றைத் தழும்பாக்கியது. முதலில் எந்த நோய் வந்தது என்பது ஒரு கட்டத்துக்கு மேல் முக்கியமில்லை. மிச்சமிருப்பவையே தங்கள் உழைப்பால் அழிகின்றன.

இந்த விளக்கம் ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது. பாரத்தைக் குறைத்தால் சரிவின் வேகமும் குறையுமே! புரதம் அதிகம் சாப்பிட்டால் வடிகட்டியின் வேலை கூடுகிறது, எனவே புரதத்தைக் குறைக்கலாம் என்பது பிரென்னர் குழுவின் வாதம். ஆனால் 840 சிறுநீரக நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1994-ல் வந்தபோது, புரதத்தைக் குறைத்ததால் கிடைத்த பலன் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது என்று ஆனது.

பாம்பு விஷமும் ஆப்பிள் பட்டையும்

மருந்து வந்த வழி விசித்திரமானது. பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்ற விரியன் பாம்பு கடித்தால் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடும். 1960-களில் அந்நாட்டு விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரைரா அந்த விஷத்தில் உள்ள பொருளை ஆராய்ந்தார். அதிலிருந்து கிடைத்த அறிவைக் கொண்டு அமெரிக்காவில் குஷ்மன், ஒன்டெட்டி என்ற இரு விஞ்ஞானிகள் கேப்டோபிரில் என்ற மாத்திரையை உருவாக்கினார்கள். 1981-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

இந்த மாத்திரை உடல் முழுவதும் அழுத்தத்தைக் குறைப்பதோடு, கிளாமருலஸுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தனியாகக் குறைக்கிறது. 1993-ல் வெளியான ஆய்வில், முதல் வகை சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 409 பேர் கலந்து கொண்டார்கள். கேப்டோபிரில் எடுத்தவர்களிடம் மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றுக்கான ஆபத்து பாதியாகக் குறைந்தது.

அடுத்த மருந்து ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து தொடங்குகிறது. அதில் உள்ள ஃப்ளோரிசின் என்ற பொருள் 1835-லேயே பிரித்தெடுக்கப்பட்டது. அதை உட்கொண்டால் சிறுநீரில் சர்க்கரை போகும் என்பது 1886-ல் தெரிந்தது. அந்தத் தடத்தில் வந்த டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்தைச் சிறுநீரக நோயாளிகள் 4304 பேரிடம் சோதித்தார்கள். 2020-ல் வந்த முடிவின்படி, சிறுநீரகம் வேகமாகக் கெடுவது, செயலிழப்பது, சிறுநீரக அல்லது இதய இரத்தக்குழாய் நோயால் வரும் மரணம் ஆகியவற்றின் ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இவை எல்லாம் ஏற்கெனவே நோய் வந்த சிறுநீரகங்களில் சோதிக்கப்பட்ட மருந்துகள். ஆரோக்கியமான மனிதரின் சிறுநீரகம் மூப்படைவதைத் தடுக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை.

வயது எது, நோய் எது?

அப்படியானால் அழுத்தமே ஏறாத மனிதர்களுக்குச் சிறுநீரகம் தேயாதா? பனாமா நாட்டின் தீவுகளில் வாழும் குனா பழங்குடியினருக்கு வயதானாலும் இரத்த அழுத்தம் ஏறுவதில்லை. 1999-ல் அவர்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அவர்களுக்கும் வயதோடு வடிகட்டும் வேகம் குறையத்தான் செய்தது!

2017-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இன்னொரு வழியில் இதைப் பார்த்தார்கள். உறவினருக்குச் சிறுநீரகம் தானம் செய்ய வருபவர்கள் நன்றாகப் பரிசோதிக்கப்பட்ட ஆரோக்கியமானவர்கள். அப்படிப்பட்ட 1638 பேரின் ஸ்கேன் படங்களையும் திசுக்களையும் கொண்டு நெஃப்ரான்களைக் கணக்கிட்டார்கள். 18 முதல் 29 வயதுக்காரர்களிடம் ஒரு சிறுநீரகத்துக்குச் சுமார் 9 லட்சத்து 90 ஆயிரம் நல்ல வடிகட்டிகள். 70 முதல் 75 வயதுக்காரர்களிடம் சுமார் 5 லட்சத்து 20 ஆயிரம்.

ஆக, இருநூறு ஆண்டுத் தேடலுக்குக் கிடைத்த விடை இரண்டு பகுதிகளாக இருக்கிறது. வயதால் வரும் தேய்மானம் உண்மை. ஆரோக்கியமானவருக்கும் அது உண்டு. ஆனால் அது மெதுவானது. அதனால் மட்டும் ஒருவர் டயாலிசிஸ் வரை போவது அபூர்வம். அந்தத் தேய்மானத்தின் மேல் உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வேறு சில பொருட்களும் ஏறிக்கொள்ளும்போதுதான் சிறுநீரகம் செயலிழக்கிறது. இந்த இரண்டாவது பகுதி பெருமளவு நம் கையில் இருக்கிறது.

இந்த வேறுபாடு நடைமுறையிலும் முக்கியம். 2002-ல் அமெரிக்காவில் வந்த நெறிமுறை, வடிகட்டும் வேகம் மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய் என்றது. 35 வயதுக்காரருக்கு அது அபாய மணி. 80 வயதுக்காரருக்கு, சிறுநீரில் புரதமும் இல்லை என்றால், அது வெறும் வயதாக இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே எல்லையை வைப்பது சரியா என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது.

வேகத்தைக் குறைக்கும் வழிகள்

வரலாறு சொல்லிக் கொடுத்த பாடங்களைத் தொகுத்துப் பார்ப்போம்.

1. இரத்த அழுத்தம்: முகமது முதல் பிரென்னர் வரை எல்லோரும் கைகாட்டிய முதல் குற்றவாளி. அறிகுறி இல்லாமலே இருக்கும் என்பதால் அளந்து பார்த்தால்தான் தெரியும். உப்பைக் குறைப்பது இதற்கு நேரடியாக உதவும். நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

2. சர்க்கரை: கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய்தான் இன்று உலகில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம்.

3. வலி மாத்திரைகள்: ஃபெனாசிடின் என்ற மாத்திரையைத் தலைவலிக்கும் உடல்வலிக்கும் தினமும் விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவதை 1953-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அமெரிக்காவில் அது 1983-ல்தான் விலக்கப்பட்டது. இன்று மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடும் பல மாத்திரைகளும், குறிப்பாக முதியவர்களின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை.

4. மூலிகை என்றாலே பாதுகாப்பு என்ற நம்பிக்கை: பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது 1993-ல் தெரிய வந்தது. காரணம் அரிஸ்டோலோகிக் அமிலம். நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே செடிக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

5. தண்ணீர்: நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் இளமையாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தாகத்துக்கும் வெயிலுக்கும் ஏற்பக் குடிப்பது அவசியம். கல் வந்தவர்களுக்குக் கூடுதல் தண்ணீர் நல்லது. ஆனால் கனடாவில் 631 சிறுநீரக நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தண்ணீரைக் கூட்டியதால் சரிவின் வேகம் குறையவில்லை என்று 2018-ல் தெரிந்தது.

6. புகைபிடிப்பதை விடுவதும், உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பதும் இரத்தக் குழாய்களைக் காப்பாற்றும். சிறுநீரகம் என்பதே இரத்தக் குழாய்களின் மூட்டைதானே!

இதெல்லாம் பணக்கார நாடுகளுக்குத்தான் பொருந்தும் என்று நினைக்க வேண்டியதில்லை. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அமைப்பின் மூலம் 1990-களில் சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அழுத்தமும் சர்க்கரையும் இருந்தவர்களுக்கு விலை மலிவான பழைய மருந்துகளே கொடுக்கப்பட்டன. டயாலிசிஸுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமான செலவில் பெரும்பாலானவர்களின் அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. 2003-லும் 2005-லும் இதன் விவரங்கள் சர்வதேச மருத்துவ இதழில் வெளிவந்தன.

பிரைட் அன்று கரண்டியில் காய்ச்சிப் பார்த்த அதே புரதத்தை இன்று ஒரு சிறிய காகிதப் பட்டை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். 40 வயதைத் தாண்டியவர்களும், வீட்டில் யாருக்காவது சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பவர்களும், ஆண்டுக்கு ஒரு முறை மூன்று பரிசோதனைகள் செய்துகொள்வது நல்லது. இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின். கிரியேட்டினின் அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. தசை குறைந்த முதியவர்களுக்கு அது நார்மல் என்று காட்டிக்கொண்டே இருக்கும்போது வடிகட்டும் வேகம் பாதியாகியிருக்கலாம். அதனால் வயதையும் சேர்த்துக் கணக்கிட்ட வடிகட்டும் வேகம் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போன ஆண்டு எண்ணையும் இந்த ஆண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால், சரிவு வயதின் வேகத்தில் போகிறதா அல்லது அதைவிட வேகமாகப் போகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.